தடவு நெருப்பும் பாவை விளக்கும்

பத்துப்பாட்டுள் ஏழாவதாக எண்ணப்படும் நெடுநல்வாடை 188 அடிகளால் ஆனது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைத் தலைவனாக வைத்துப் பாடியது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த நாள்முதல் இப்பாட்டைப் பற்றி ஒரு வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. இது அகமா, புறமா என்பதே அவ்வழக்கு. பாட்டின் இறுதியில் வேலின்மேல் வேம்பு கட்டப்பட்டிருப்பதாகப் புலவர் கூறிவிட்டார். வேம்பு பாண்டியர்க்கு உரிய அடையாளப் பூ. அடையாளம் சுட்டப்பட்டமையால் தலைவன் இன்னான் என்பது வெளிப்பட்டது. ஆகவே புறம் என்பார் நச்சினார்க்கினியர். வகுப்பறையில் நெடுநல்வாடை என்றால் பாதி நேரம் இந்த வேப்பிலைக்கே போய்விடுகிறது. எஞ்சிய பாதி நேரம் அரண்மனைக்கு.

அரண்மனைப் பகுதி பெயர் பெற்றது. பழந்தமிழர் கட்டடக்கலையைப் பற்றி எழுதுவோர் அதை எடுத்துக்காட்டாமல் விடுவதில்லை. இரண்டு கோல்களை நட்டு அவற்றின் நிழலைக் கொண்டு திசையறிந்து, கயிறிட்டு மனை வகுத்த செய்தி அதில்தான் இருக்கிறது. ஆனால் புலவர் அரண்மனையை முதலில் காட்டவில்லை. அதற்குமுன் ஊரில் உள்ள வீடுகளைக் காட்டுகிறார். அப்பகுதியைக் கூதிர்கால வருணனை என்று ஒரு பெயரிட்டு விரைந்து கடந்துவிடும் வழக்கம் ஆசிரியரிடையே உண்டு. அவ்வாறு கடந்து சென்று அரண்மனையை மட்டும் படிப்பவர்க்கு அது ஒரு செல்வ விளம்பரம் போலத் தோன்றும். இரண்டையும் சேர்த்துப் படித்தால், எது குடியிருக்கும் இல்லம், எது வெறுங்கட்டடம் என்ற கேள்வியைப் புலவர் நடுவில் வைத்திருப்பது தெரியும்.

முதலில் வீடே இல்லாதவர்கள் வருகிறார்கள். மழை பெய்து வெள்ளம் பரவுகிறது. கோவலர் தம் ஆநிரையை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் செல்கின்றனர். பழகிய இடத்தைவிட்டுப் பெயர்ந்த வருத்தம் அவர்களுக்கு. சூடிய காந்தட் கண்ணி நீரில் நனைந்து உருக்குலைகிறது. கையில் கொள்ளிக்கட்டை, கன்னம் நடுங்குகிறது. விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. குரங்கு கூனிக்குறுகுகிறது. பறவைகள் கிளையிலிருந்து விழுகின்றன. பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைக்கிறது. கடைசியாகச் சொன்னதை நினைத்துப் பார்த்தல் வேண்டும். தாய்ப்பசு தன் கன்றை விலக்கும் அளவுக்குக் குளிர் என்றால், அக்குளிரில் உறவுகூட நிலைகுலைகிறது என்பது பொருள். இத்தகைய குளிரை முன்னே நிறுத்திவிட்டுத்தான் புலவர் ஊருக்குள் நுழைகிறார். வெளியே நடுங்குபவரைக் காட்டாமல் உள்ளே உள்ள கதகதப்பை அவர் பாடவில்லை.

ஊருக்குள் வெயில் இல்லை, பொழுது தெரியவில்லை. பெண்கள் பிச்சியின் அரும்புகளைப் பறித்துத் தட்டில் இட்டு வைத்திருக்கின்றனர். அரும்பு விரிந்து மணம் வந்ததும் மாலை வந்துவிட்டது என்று அறிந்துகொள்கின்றனர். இரும்பு விளக்கில் நெய்தோய்ந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகின்றனர். வீட்டுப் புறா தன் பேடையோடு மன்றத்தில் இரை தேடப் போகவில்லை. இரவோ பகலோ என்று அறியாமல், இருந்த இடத்திலேயே நின்று கால்மாற்றிக் கால்மாற்றி இளைப்பாறுகிறது. சந்தனம் அரைக்கும் வட்டக்கல், வடநாட்டிலிருந்து வந்த விலையுயர்ந்த பொருள், பயனின்றிக் கிடக்கிறது. குளிரில் யார் சந்தனம் பூசுவார்? மகளிர் கூந்தலில் மாலையாகப் பூச்சூடாமல் சில பூக்களையே செருகிக்கொள்கின்றனர். நெருப்பிட்டு அகிலும் அயிரும் புகைக்கின்றனர். வேனிற்காலத்தில் தென்றல் வருவதற்காக வைத்த பலகணிகளின் கதவுகள் தாழிட்டபடியே இருக்கின்றன. கைவல்ல கம்மியன் அழகுறச் செய்த விசிறி முளையில் தொங்குகிறது. அதன்மேல் சிலந்தி நூல் பின்னியிருக்கிறது.

இந்தச் சிலந்தி நூலை அழகுக் குறைவு என்று சிலர் கருதக்கூடும். பள்ளி ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் ஒட்டடை அடிக்கும் வழக்கம் நம்மிடையே இருப்பதால் அவ்வாறு தோன்றுகிறது போலும்! நக்கீரர் அதை மறைக்கவில்லை. ஒரு வீட்டில் மனிதர் வாழ்கின்றனர் என்பதற்குப் பயன்பட்டு வரும் பொருள் மட்டும் அடையாளம் அன்று. பருவம் மாறியதும் பயன் ஒழிந்து ஓய்வெடுக்கும் பொருளும் அடையாளம். விசிறி ஓய்வில் இருக்கிறது, சந்தனக்கல் ஓய்வில் இருக்கிறது, நெருப்புச்சட்டி வேலைக்கு வந்திருக்கிறது. வீடு வெளியிலுள்ள பருவத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றத்தைச் செய்பவர் அதில் குடியிருப்பவர்.

இதனை அடுத்து இரண்டு கலங்கள் வருகின்றன. பாட்டு முழுவதிலும் கூர்ந்து நோக்கத்தக்க இடம் இதுவே. ஒன்று குவிந்த வாயுடைய கன்னல், தண்ணீர்க் கலம். மற்றொன்று அகன்ற வாயுடைய தடவு, நெருப்புக் கலம். எல்லாரும் முன்னதில் உள்ள குளிர்ந்த நீரை உண்ணாமல், பின்னதில் உள்ள நெருப்பின் வெம்மையை உண்கிறார்களாம். நெருப்பை உண்ணுதல் என்ற ஆட்சி ஒருபுறம் இருக்கட்டும். அதை உரையாசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். கலத்தின் வாயைப் பார்த்தல் வேண்டும். குவிந்த வாய்க் கலத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தாம் நீர் அருந்தலாம். அகன்ற வாய்ச் சட்டியைச் சுற்றிப் பலர் அமரலாம். கோடையில் தனித்தனியே நீர் குடித்துத் தனித்தனியே காற்று வாங்கியவர்கள் கூதிர் வந்ததும் ஒரு சட்டியின் விளிம்பைச் சுற்றி வந்து சேர்கின்றனர். அவர்களைச் சேர்த்து வைத்தது குளிர். சட்டியின் வாய் அகலமாக இருந்தது அதற்கு உதவியது. இதைவிட நுட்பமாக, ஆனால் ஒரு பெரிய சொல்லும் பயன்படுத்தாமல், வீட்டின் இனிமையைச் சொல்லிவிட முடியுமா என்பது ஐயமே.

இவ்விடத்தில் புலவர்மேல் ஒரு குறையும் சொல்ல வேண்டும். அவர் ஆளும் சொல் ‘யாவரும்’ என்பது. அதற்குச் சற்று முன்னர், அவ்வீட்டில் நறுமணப் பொருள்களை அரைக்கும் குற்றேவலர் வருகின்றனர். கொள்ளின் நிறத்தை ஒத்த கல்லில் அவர்கள் அரைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் அந்த யாவருள் அடங்குவரா? அரைத்து முடித்த கையோடு சட்டியருகே வந்து அமர்ந்தார்களா, அல்லது அகன்ற வாய் வீட்டுக்கு உடையவர்க்கு மட்டுமா? புலவர் சொல்லவில்லை. கோவலர் நடுக்கத்தை அவ்வளவு விளக்கமாகக் கண்ட கண் இங்கே ஒரு சொல்லோடு நின்றுவிட்டது. ஆடல் மகளிர் மட்டும் தப்பினர். குளிரால் நிலைதிரிந்த யாழின் நரம்பை அவர்கள் தம் மார்பின் வெம்மையில் தடவிப் பண்ணுக்கு நிறுத்துவதை அவர் மறக்கவில்லை.

இனி அரண்மனை. ஊர் வீட்டில் பொழுதை அறிவித்தது பிச்சி அரும்பு. இங்கே கோல்நிழல். அதற்கு வெயில் வேண்டும், நூலறிந்தவர் வேண்டும், பிழையற்ற அளவு வேண்டும். வாயில் ஒரு குன்றைக் குடைந்தது போல் இருக்கிறது. கொடியோடு யானை குனியாமல் நுழையலாம். ஊர் வீட்டில் கதவைப் பற்றிச் சொன்ன செய்தி அது தாழிடப்பட்டிருந்தது என்பது; இங்கே சொன்ன செய்தி அதன் உயரம். முற்றத்தில் மணல், முன்றிலில் அன்னம், கூரையினின்று விழும் நீரின் ஒலி, மயிலின் அகவல். அகத்தே யவனர் செய்த பாவை கையில் அகல் ஏந்தி நிற்கிறது. அதில் நெய் நிறைந்து சுடர் உயர்ந்து எரிகிறது. ஊர்ப் பெண்கள் தம் கையால் ஏற்றித் தம் கையால் தொழுத விளக்கு இரும்பாலானது. அரண்மனை விளக்கை ஏந்தி நிற்பது உயிரில்லாத கை. தடவு நெருப்பையோ அதைச் சூழ்ந்து அமர்ந்தவரையோ இப்பகுதியில் நக்கீரர் காட்டவில்லை.

பிறகு கட்டில். நாற்பது ஆண்டு நிரம்பிய யானையின் கொம்பால் செய்தது. முத்துத் தொங்கல் விட்டது. அதன்மேல் விரித்த மெத்தையில் இட்டவை துணையோடு கூடிய அன்னத்தின் தூவிகள். மென்மைக்காக இப்படிச் செய்ததாக உரைகள் கூறும், தவறில்லை. ஆயினும் துணை பிரிந்தவள் படுத்திருக்கும் படுக்கையில் துணை சேர்ந்த பறவையின் இறகு! அதற்கு மேலே கட்டிய விதானத்தில் உரோகிணியோடு நிலவு எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து அரசி பெருமூச்சு விடுகிறாள். அவளுக்கு இன்பம் தருவதற்காக அமைத்த ஒவ்வொரு பொருளும் அவளைக் குத்துகிறது. ஊர் வீட்டில் புறாவுக்குக்கூடப் பேடை அருகில் இருந்ததை இங்கே நினைவுகூரலாம்.

ஆள் இல்லாத குறை அவளுக்கு இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். சேடியர் அடிவருடுகின்றனர். நரைகலந்த கூந்தலையுடைய செவிலியர் சிறியவும் பெரியவுமாகக் கதைகள் சொல்லித் தேற்றுகின்றனர். இப்போதே வந்துவிடுவார் என்கின்றனர். அவள் அணிகளைக் களைந்து, வண்ணம் தீட்டப்பெறாத ஓவியம் போலக் கிடக்கிறாள். பெருகும் கண்ணீரை விரலால் தெறிக்கிறாள். ஆகவே, ஆட்கள் பலர் இருந்தால் வீடு இல்லமாகிவிடும் என்று எளிதாக முடிவு கட்டவும் புலவர் இடங்கொடுக்கவில்லை. இருக்க வேண்டிய ஒருவர் இல்லாதபோது யவனர் விளக்கு எவ்வளவு எரிந்தாலும் அங்கே இருட்டுத்தான்.

இதற்கு மறுகோடியில் நிற்பது சிறுபாணாற்றுப்படை. நல்லூர் நத்தத்தனார் அதில் காட்டும் அடுக்களையில் சமைத்து நாளாயிற்று. கண் திறவாத குட்டிகள் பால் வற்றிய முலையைப் பற்றி இழுக்க, ஈன்ற நாய் வலிபொறாமல் குரைக்கிறது. பழஞ்சுவரைக் கறையான் அரித்திருக்கிறது. புழுதியில் காளான் பூத்திருக்கிறது. வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பின்றி வேகவைக்கிறாள். அறியாதார் கண்டு ஏளனம் செய்வரே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுப் பெருஞ்சுற்றத்தோடு ஒருங்கிருந்து உண்கிறாள். நெடுநல்வாடையிலும் கதவு அடைக்கப்பட்டது; இங்கும் அடைக்கப்பட்டது. அங்கே குளிருக்காக, இங்கே மானத்துக்காக. அடைத்த கதவுக்குப் பின்னே இருந்ததைப் பங்கிட்டு உண்டார்கள் என்பதால் அது இல்லமே. ஆனால் இதைக் காட்டி வறுமையே இனிது என்று மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர் உண்டாயின், அவர் நத்தத்தனாரைப் படிக்கவில்லை. வறுமை தீர்ந்தது என்று சொல்வதற்காகவே அவர் அவ்வடுக்களையைக் காட்டினார். உப்பில்லாக் கீரையை அவர் சுவையென்று எங்கும் கூறவில்லை.

சுவை என்று சொன்ன வீடு வேறு. அது குறுந்தொகை 167இல் கூடலூர் கிழார் காட்டும் புதுமனை. தயிர் பிசைந்த விரலை உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, ஒரு இளம்பெண் புளிக்குழம்பு ஆக்குகிறாள். கணவன் இனிதென உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மகிழ்ந்தது என்று செவிலி கண்டுவந்து தாயிடம் கூறுகிறாள். அவ்வீட்டில் கட்டில் எத்தகையது, தூண் எந்த நிறம் என்று நமக்குத் தெரியாது. ஆடையில் பட்ட கறை தெரியும்.

மலேசிய மாணவர்க்கு நெடுநல்வாடையைக் கற்பிப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கேமரன் மலையைத் தவிர மற்றெங்கும் குளிர் என்பது சொல்லளவில்தான். தடவு நெருப்பு என்றால் வியர்க்கும் நாட்டில் நெருப்பு எதற்கு என்று கேட்பார்கள். ஆனால் மழை புதிதன்று. தமிழகத்தில் கூதிரை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றே கிளந்தான், திரங்கானு, பகாங் கரைகளில் வெள்ளத்தைக் கொண்டுவருகிறது. ரப்பர்த் தோட்டங்களில் லயங்கள் நிறைந்திருந்த நாள்களைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லலாம். விடியுமுன் பிரட்டுக்குப் புறப்பட வேண்டியவர்கள் தகரக் கூரையின்மேல் மழை இரைவதைக் கேட்டால் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். மரம் நனைந்துவிட்டால் பால்வெட்டு இல்லை. அன்று அடுப்படியில் எல்லாரும் கூடுவர். விறகுப் புகை, கறுப்புக் காப்பி, சுட்ட மரவள்ளிக்கிழங்கு, அஞ்சடியில் பிள்ளைகள். கேட்பதற்கு இதமாகவே இருக்கும். பாட்டி அதோடு நிறுத்தமாட்டார். வெட்டு இல்லாத நாளில் பல தோட்டங்களில் கூலியும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்வார். மழை நீடித்தால் கடைக்காரர் கணக்குப் புத்தகத்தில் கடன் ஏறும். அதை விட்டுவிட்டு அடுப்படிக் கதகதப்பை மட்டும் கட்டுரையாக எழுதும் மாணவனுக்கு, கோவலரை மறந்தாயே என்று ஆசிரியர் சிவப்பு மையால் குறித்துத் தரலாம்.

அவ்வீடுகள் தொழிலாளருக்குச் சொந்தமானவை அல்ல. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 1950களின் இறுதியிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அது வெளிப்பட்டது. அத்துண்டாடலை எதிர்கொள்ளவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இருந்தும், தமக்கு உரிமையில்லாத சுவரில் படம் மாட்டி, உரிமையில்லாத மண்ணில் முருங்கை நட்டு, வாசலில் கோலம் போட்டவர்கள் அங்கே இருந்தார்கள். பின்னாளில் அடுக்குமாடிக்குப் பெயர்ந்தவர் வாய்களிலும் நெடுங்காலம் ‘நம்ம வீடு’ என்பது அந்த லயத்தையே குறித்தது. உடைமையும் இல்லமும் ஒன்றல்ல என்பதற்கு இது சான்று. உடைமை வேண்டா என்பதற்குச் சான்று அன்று.

சொல் பற்றியும் ஒன்று. நெடுநல்வாடையில் ‘நகர்’ என்று வருமிடத்தில் ஊர் என்று பொருள் எழுதும் மாணவர் பலர். அங்கே அது மாளிகை. மனை, இல் என்பவை வீட்டையும் அதில் வாழும் இல்லாளையும் சேர்த்துக் குறிக்கும். ‘வீடு’ என்பதோ பழைய நூல்களில் பெரும்பாலும் விடுதலையைக் குறித்து, பின்னர்க் குடியிருப்புக்கு வந்த சொல். நகர் என்ற சொல்லில் ஆள் இல்லை. இல் என்ற சொல்லில் ஆள் உண்டு. அரண்மனையைப் பாடும்போது புலவர் எந்தச் சொல்லை எங்கே இடுகிறார் என்று ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு எண்ணிப் பார்க்கச் செய்யலாம். ஒரு பாடவேளைக்குப் போதுமான வேலை.

பாட்டின் முடிவுக்கு வருவோம். வேப்பிலை வழக்கு எழுந்த இடம் அது. நள்ளிரவு. பாசறையில் அரசன் உறங்கவில்லை. புண்பட்ட வீரரைக் காணக் கூடாரத்தைவிட்டு வெளியே வருகிறான். முன்னே செல்பவன் வேப்பந்தார் கட்டிய வேலால் ஒவ்வொருவரையும் சுட்டிக் காட்டுகிறான். நழுவும் ஆடையை அரசன் இடப்பக்கம் தழுவிக்கொள்கிறான். மழைத்துளியைக் குடை மறைக்கிறது. அவனுடைய மற்றொரு கை, வாளைத் தோளில் கோத்த ஓர் இளம் வீரனின் தோள்மேல் இருக்கிறது. பாட்டின் தொடக்கத்தில் கோவலர் கையில் கொள்ளி இருந்தது. ஊர்ப்பெண்கள் கை விளக்கேற்றித் தொழுதது. அரசியின் விரல் தன் கண்ணீரையே தெறித்தது. அரசன் கை ஒரு வீரன் தோளில் படிந்தது. அரண்மனையில் இல்லாத வெம்மை, வீடே இல்லாத பாசறையில் ஒரு கணம் தோன்றுகிறது. அகமா புறமா என்று வழக்காடுவோர் இந்தக் கையையும் சான்றுக்கு அழைக்கலாம்.

அங்கும் வாடை விடவில்லை. அது வீசுந்தோறும் பாசறை விளக்குகளின் சுடர்கள் தெற்கு நோக்கித் தலைசாய்கின்றன என்கிறார் நக்கீரர். வடக்கிலிருந்து வரும் காற்றில் சுடர் தெற்கே சாயும், அது இயற்கை. போர்க்களத்தின் பெயரைப் புலவர் குறிப்பிடவில்லை. அது சோழநாட்டுத் தலையாலங்கானம் என்று கொண்டால், மதுரை அவ்விடத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது.